தடியூன்றி நிற்கும் பெரியவர்

எட்கர் டெகாவின் 'நடன வகுப்பு' ஓவியத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். நாட்காட்டியிலோ, யாராவது வீட்டுச் சுவரிலோ. அசல் ஓவியம் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1870களில் வரைந்தது. வெள்ளை உடையில் பெண்பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள். பியானோ மேல் ஏறி உட்கார்ந்த ஒருத்தி முதுகைச் சொறிந்துகொள்கிறாள். கீழே தரையில் செடிக்குத் தண்ணீர் விடும் பூவாளி ஒன்று இருக்கிறது. நடன வகுப்பில் பூவாளிக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், மரத்தரையில் தண்ணீர் தெளிக்காவிட்டால் தூசி பறக்கும், கால் வழுக்கும். இவர்களுக்கு நடுவில் நீளமான தடியை ஊன்றிக்கொண்டு நரைத்த தலையுடன் ஒரு பெரியவர் நிற்கிறார். எல்லோரும் பெண்களைப் பார்ப்பார்கள். நான் அந்தப் பெரியவரைத்தான் பார்ப்பேன்.

அவர் பெயர் ஜூல் பெரோ. 1830களில் பாரிஸ் மேடையையே ஆட்டிவைத்த ஆட்டக்காரர். மரீ தக்லியோனியோடு ஜோடியாக ஆடியவர். 1841ல் வந்த 'ஜிசெல்'லில் கார்லோட்டா கிரிசி ஆடிய நடனங்களை அமைத்துக் கொடுத்தவர் அவர். ஆனால் விளம்பரத் தாளில் அவர் பெயர் இல்லை. பின்னால் ரஷ்யாவுக்குப் போய் 1850களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரச அரங்கில் பாலே ஆசானாக இருந்தார். டெகா அவரை வரையும்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நம் நட்டுவனாருக்குத் தட்டுக்கழி எப்படியோ அப்படித்தான் அவருக்கு அந்தத் தடி, தரையில் தட்டித் தாளம் சொல்ல.

பாலே பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆடுகிறவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். இந்தப் பதிவு அவர்கள் எப்படித் தயாராகிறார்கள், ஆட்டம் முடிந்தபின் என்ன ஆகிறார்கள், அவர்களை ஆக்கியவர்கள் யார் என்பதைப் பற்றி. கொஞ்சம் நீளம்தான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீட்டர்ஸ்பர்க்கிலிருந்தே தொடங்குகிறேன். 1738ல் ஜான் பாப்டிஸ்ட் லாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் ரஷ்யப் பேரரசி அன்னாவின் அனுமதியோடு அங்கே ஒரு நடனப் பள்ளி தொடங்கினார். முதல் மாணவர்கள் அரண்மனை வேலைக்காரர்களின் பிள்ளைகள். அந்தப் பள்ளிதான் இன்றைய வகானோவா அகாடமி. கட்டடம் இருப்பது கட்டடக்கலைஞர் ரோசி பெயரில் உள்ள தெருவில். தெருவின் நீளம் 220 மீட்டர், அகலம் 22 மீட்டர், இரு பக்கமும் நிற்கும் கட்டடங்களின் உயரமும் 22 மீட்டர். தெருவே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பழைய பெயர் தியேட்டர் தெரு.

பத்து வயதுவாக்கில் சேர்க்கிறார்கள். சேர்க்கும்போது பிள்ளைக்கு ஆடத் தெரிகிறதா என்பது முக்கியமே இல்லை. இடுப்பு மூட்டு எவ்வளவு வெளிப்பக்கம் திரும்புகிறது, முதுகு எவ்வளவு வளைகிறது, எம்பினால் எவ்வளவு உயரம் போகிறது, தாளம் காதில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். மருத்துவரும் உடன் இருப்பார். தேறினால் எட்டு ஆண்டுப் படிப்பு. நடனத்தோடு பியானோ, பிரெஞ்சு மொழி, நடிப்பு, பள்ளிப் பாடம் எல்லாம் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் தேர்வு. தேறாத பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கும்.

முதல் வகுப்பில் என்ன செய்வார்கள் தெரியுமா? சுவரோடு பதித்த மரக்கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று, மெதுவாக முழங்காலை மடித்து நிமிர்வார்கள். அவ்வளவுதான். பிளியே என்று பெயர். குதிகால் சேர்ந்திருக்க வேண்டும், பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், முழங்கால் பாத விரல்களுக்கு நேர் மேலே போக வேண்டும், பின்பக்கம் தள்ளக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. பார்க்க ஒன்றுமே இல்லாத இந்த அசைவுதான் பின்னால் வரப்போகும் எல்லாத் துள்ளலுக்கும் அடிப்படை. மேலே எம்புகிற விசையும் இதிலிருந்துதான் வருகிறது, கீழே இறங்கும்போது எலும்பைக் காப்பதும் இதுதான். பிறகு காலைத் தரையோடு உரசி நீட்டுவது, வட்டமிடுவது, மெல்லத் தூக்குவது, கடைசியாக வீசித் தூக்குவது. அதன்பின் கம்பை விட்டு நடுத்தரைக்கு வந்து அதே பாடம். கடைசியில்தான் துள்ளல்.

இந்த வரிசை பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒன்றுதான், நாற்பது வயது நட்சத்திரத்துக்கும் ஒன்றுதான். உலகத்தின் எந்தப் பெரிய பாலே குழுவை எடுத்தாலும் காலையில் எல்லோரும் கம்பைப் பிடித்துக்கொண்டு பிளியேயில் ஆரம்பிப்பார்கள். முதல் நாள் இரவு நாயகியாக ஆடிக் கைத்தட்டல் வாங்கியவர், மறுநாள் காலை பழைய கம்பளிக் காலுறையோடு, நேற்றுச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று முழங்காலை மடிப்பார். முன்னால் ஒருவர் நடந்துகொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் ஆசிரியர்.

பாயிண்ட் ஷூ பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. விரல் நுனியில் நிற்கிறார்களே, உள்ளே மரக்கட்டை வைத்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். மரம் கிடையாது. துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக வைத்துக் காயவைத்த கூடு அது. புதுசாக வாங்கிய ஜோடியை அப்படியே மாட்டிக்கொண்டு ஆட முடியாது. உள்ளங்காலின் கீழ் இருக்கும் தட்டையைத் தன் பாத வளைவுக்கு ஏற்ப வளைத்து ஒடிப்பார்கள். மேடையில் டக்டக்கென்று சத்தம் வராமலிருக்க நுனியைத் தரையில் அடித்து மென்மையாக்குவார்கள். நாடாவைத் தன் கையாலேயே தைப்பார்கள். லண்டன் ஃப்ரீட் நிறுவனத்தில் ஒவ்வொரு கைவினைஞருக்கும் ஒரு முத்திரை உண்டு, ஷூவின் அடியில் குத்தியிருக்கும். பெயர் தெரியாவிட்டாலும் முத்திரையை வைத்துத் தனக்குச் செய்கிறவரை ஆட்டக்காரிக்குத் தெரியும். அவர் வேலையை விட்டுப் போனால் இவளுக்குக் கால் போன மாதிரி. இத்தனை பாடுபட்டுத் தயார் செய்த ஜோடி பெரிய நாடகங்களில் ஒரே இரவில் நைந்துவிடும்.

பதினெட்டில் படிப்பை முடித்துக் குழுவில் சேர்ந்தால் முதலில் கூட்டத்தில் ஒருத்தி. அன்னப்பறவைகளில் ஓர் அன்னம். பாரிஸ் ஓப்பெராவில் ஐந்து படிகள், கத்ரீயில் ஆரம்பித்து எத்துவால் வரை. எத்துவால் என்றால் நட்சத்திரம். பெரும்பாலானோர் நடுப்படிகளோடு நின்றுவிடுவார்கள். அங்கே 42 வயதில் மேடையிலிருந்து ஓய்வு, ஓய்வூதியமும் உண்டு. மற்ற இடங்களில் வயது வரம்பு எழுதியிருக்காது, கணுக்காலும் இடுப்பும் குதிகால் நரம்பும் அந்த வரம்பைச் சொல்லிவிடும். முப்பத்தைந்திலோ நாற்பதிலோ, மற்ற தொழில்களில் ஆள் தலையெடுக்கும் வயதில், இவர்கள் தொழில் முடிகிறது.

அதன்பின் பலர் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள். ஆடத் தெரிந்தவருக்குக் கற்றுக்கொடுக்கவும் தெரியும் என்று நாம் சுலபமாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லவே இல்லை. பிறவியிலேயே சுழல வந்தவரிடம் "எப்படிச் சுழல்வது?" என்று கேட்டால் "இப்படித்தான்" என்று சுழன்று காட்டுவார். சுழல வராத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? தனக்கு வராமல் வராமல், ஏன் வரவில்லை என்று யோசித்து யோசித்துப் பிடித்தவர்தான் அடுத்தவருக்கு வழி சொல்ல முடியும். அக்ரிப்பினா வகானோவாவின் வாழ்க்கை எனக்குச் சொல்வது இதைத்தான்.

அவர் 1879ல் பிறந்தவர். அப்பா மரின்ஸ்கி அரங்கில் பார்வையாளர்களை இருக்கையில் உட்காரவைக்கும் ஊழியர். பெண் அதே அரங்கோடு சேர்ந்த பள்ளியில் படித்து 1897ல் குழுவில் சேர்ந்தார். பார்க்க அழகி என்று யாரும் சொல்லவில்லை. கைகள் விறைப்பு என்றார்கள். அன்றைய பெரிய ஆசான் மாரியஸ் பெட்டிபாவுக்கு அவர் ஆட்டம் பிடிக்கவில்லை. தனியாக ஆடும் சிறு பகுதிகளில் மட்டும் பேர் வாங்கினார், 'வேரியேஷன்களின் ராணி' என்றார்கள். பலேரினா என்ற பட்டம் 1915ல்தான் கிடைத்தது. பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு. அடுத்த ஆண்டே ஓய்வு.

அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அவர் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. 1893ல் பியரினா லெஞ்ஞானி என்ற இத்தாலியப் பெண் பீட்டர்ஸ்பர்க் மேடையில் ஒற்றைக் காலில் நின்று 32 முறை சுழன்று காட்டியிருந்தார். ஊரே வாய்பிளந்தது. பிரெஞ்சு வழியில் படித்த ரஷ்யப் பெண்களுக்கு மென்மை இருந்தது, அந்த வலு இல்லை. இத்தாலியர்களிடம் வலு இருந்தது, ஆனால் ஆட்டம் வெட்டுவெட்டாக இருந்தது. இத்தாலிய ஆசான் என்ரிக்கோ செக்கெட்டியிடம் பாடம் கேட்ட ஓல்கா பிரியோபிரஜென்ஸ்காவின் வகுப்புக்கு வகானோவா போனார். எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கை வெறும் அலங்காரம் இல்லை, சுழற்சிக்கும் துள்ளலுக்கும் விசை தருவது அது, முதுகு உறுதியாக இருந்தால்தான் காலுக்குச் சுதந்திரம் என்று கண்டுபிடித்தார். தன் உடம்பு அவருக்கு எதையும் இலவசமாகத் தரவில்லை. அதனால்தான் எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்தார் என்று நான் நினைக்கிறேன்.

புரட்சி வந்தது. கணவரை இழந்தார், குடும்பத்தைத் தாங்க வேண்டிய பொறுப்பு. 1921ல் படித்த பள்ளிக்கே ஆசிரியராக வந்தார். 1925ல் அவர் மாணவி மரீனா செம்யோனோவா, 1928ல் கலீனா உலனோவா, 1931ல் நதாலியா துதின்ஸ்கயா என்று வரிசையாக வெளியே வந்தார்கள். 1934ல் வகானோவா எழுதிய பாடநூல் இன்றும் பல நாட்டுப் பள்ளிகளில் புழங்குகிறது. வகுப்பில் பிழை நடந்தால் 'தப்பு' என்று சொல்லி விடுவதில்லை, ஏன் தப்பானது என்று மாணவியே சொல்ல வேண்டும். ஆசிரியை பக்கத்தில் இல்லாத நாளிலும் தன்னைத் திருத்திக்கொள்ள அது சொல்லித்தந்தது. 1951ல் காலமானார். 1957ல் பள்ளிக்கே அவர் பெயர் வைத்தார்கள். அவரை ஒதுக்கிவைத்த அரங்கின் பள்ளி அது.

இன்னொருவர் அலெக்சாந்தர் புஷ்கின். கவிஞர் இல்லை, அதே பெயருள்ள நடன ஆசிரியர். 1907ல் பிறந்தவர், 1925ல் குழுவில் சேர்ந்தார், நல்ல ஆட்டக்காரர், ஆனால் முதல் வரிசை நட்சத்திரம் ஆகவில்லை. ஆடிக்கொண்டே 1932 முதல் அதே பள்ளியில் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அதிகம் பேசாதவர். சத்தம் போட மாட்டார். அவர் அமைக்கும் அசைவுக் கோவைகள் எளிமையாக இருக்கும், ஒன்றிலிருந்து அடுத்தது தானாக வழிந்து வரும். அதைச் சரியாகச் செய்தாலே உடம்பு பாடம் கற்றுக்கொண்டுவிடும்.

1955ல் அந்தப் பள்ளிக்கு ஊஃபா நகரத்திலிருந்து ஒரு பையன் வந்தான். வயது பதினேழு. மற்ற பிள்ளைகள் பத்து வயதில் ஆரம்பித்ததை இவன் ஏழு ஆண்டு தாமதமாக முறையாக ஆரம்பிக்கிறான். முன்கோபி, யாருக்கும் அடங்காதவன். முதலில் போட்ட வகுப்பில் ஒத்துப்போகவில்லை, வேறு ஆசிரியர் வேண்டும் என்று கேட்டான். புஷ்கின் ஏற்றுக்கொண்டார். மூன்றே ஆண்டில் ருடால்ஃப் நூரியெவ், கிரோவ் என்று பெயர் மாறியிருந்த மரின்ஸ்கி குழுவில் தனி ஆட்டக்காரனாகச் சேர்ந்தான். காலில் அடிபட்டபோது புஷ்கினும் அவர் மனைவியும் தங்கள் சின்ன வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

1961 ஜூனில் பாரிஸ் விமான நிலையத்தில் நூரியெவ் சோவியத் நாட்டுக்குத் திரும்ப மறுத்துவிட்டார். அங்கே, லெனின்கிராட் என்று பெயர் மாறியிருந்த பீட்டர்ஸ்பர்க்கில், அதிகாரிகள் புஷ்கினை விசாரித்தார்கள். மகன் மாதிரி வைத்திருந்த மாணவன் போய்விட்டான், அதற்குத் தண்டனை போல விசாரணை வேறு. நானாக இருந்தால் அடுத்த மாணவனிடம் கொஞ்சம் தள்ளி நின்றிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. 1964ல் ரீகாவிலிருந்து ஒரு குட்டைப் பையன் வந்தான். முகம் பால் மணம் மாறாதது, இளவரசன் வேடத்துக்குத் தேறாது என்று சொல்லக்கூடிய உயரம். அவனையும் அதே பொறுமையோடு எடுத்துக்கொண்டார். அந்தப் பையன் மிக்கைல் பாரிஷ்னிக்கோவ். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆண்கள் ஆடிய பாலேயில் மிகப் பெரிய இரண்டு பெயர்கள், ஒரே ஆசிரியரின் வகுப்பிலிருந்து. புஷ்கின் 1970ல் லெனின்கிராட் தெருவில் மாரடைப்பு வந்து விழுந்து இறந்தார். அவர் மாணவர்கள் வெளியுலகில் என்ன செய்தார்கள் என்பதில் பெரும்பகுதியை அவர் பார்க்கவே இல்லை.

நூரியெவ் 1983ல் பாரிஸ் ஓப்பெரா பாலேயின் இயக்குநர் ஆனார். அடுத்த ஆண்டு பத்தொன்பது வயது சில்வி கிலெமை நட்சத்திரமாக உயர்த்தினார். அவர் எத்துவால் ஆக்கிய இன்னொருவர் லோரன் இலேர். அவர் பின்னாளில் மாஸ்கோவின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அரங்கின் பாலேயை நடத்தினார். லெனின்கிராட்டிலிருந்து பாரிஸ் போன பாடம் ஒரு சுற்றுச் சுற்றி ரஷ்யாவுக்கே திரும்பியது. 2022ல் உக்ரைன் போர் தொடங்கியதும் அவர் பதவி விலகினார்.

பாரிஸ் என்றதும் இரண்டு பெண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன பிரியோபிரஜென்ஸ்கா சிறுவயதில் நோஞ்சான் என்று பள்ளி பலமுறை திருப்பி அனுப்பிய பெண். புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வந்து பாரிஸ் வாக்கர் ஸ்டுடியோவில் வயதான காலம்வரை வகுப்பு எடுத்தார். 1930களின் தொடக்கத்தில் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷின் அங்கே போய்ப் பார்த்து, இன்னும் பதின்மூன்று வயதுகூட நிரம்பியதோ இல்லையோ என்ற சிறுமிகளை நாயகிகளாகக் கூட்டிப்போனார். மற்றொருவர் மத்தில்டா க்ஷெசின்ஸ்கா. ஜார் குடும்பத்துக்கு நெருக்கமானவர், மாளிகையும் நகையுமாக வாழ்ந்தவர். எல்லாம் போய் பாரிஸில் 1929ல் சொந்தமாக நடன வகுப்புத் தொடங்கி அதில் பிழைத்தார். பிரிட்டிஷ் பாலே நட்சத்திரம் மார்கோ ஃபான்டெய்ன் அவரிடம் பாடம் கேட்டவர். மாளிகையில் இருந்ததைவிட அந்த வகுப்பறையில்தான் அவர் பெரியவராக எனக்குத் தெரிகிறார்.

நம் ஊருக்கும் இந்த வழியில் ஒரு கிளை வந்திருக்கிறது. ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா 1920களின் இறுதியில் இந்தியா வந்தபோது ருக்மிணி தேவி அருண்டேல் அவர் ஆட்டத்தைப் பார்த்து மயங்கினார். பிறகு இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டி, ருக்மிணி தேவிக்கு பாலே கற்றுக்கொடுத்தார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் பாருங்கள் என்று பாவ்லோவா தூண்டினார். அடையாற்றில் 1936ல் கலாக்ஷேத்ரா வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் இதுவும் ஒன்று. நோர்டி பின்னாளில் லண்டனில் நெடுங்காலம் ஆசிரியராகவே இருந்தார்.

எல்லா ஆசிரியரும் புஷ்கின் மாதிரி இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பு என்ற பெயரில் அடி, வசவு, எடையைச் சொல்லிக் கேவலப்படுத்துவது எல்லாம் இந்தத் துறையில் நிறைய நடந்திருக்கிறது. 2019ல் வியன்னா அரசு ஓப்பெராவின் பாலே அகாடமியில் மாணவர்கள் நடத்தப்பட்ட விதம் பத்திரிகையில் வெளிவந்து, விசாரணைக் குழு அமைத்து, பிள்ளைகளின் நலம் போதிய அளவு பாதுகாக்கப்படவில்லை என்று அறிக்கை வந்தது. கண்டிப்பு இல்லாமல் இந்தக் கலை வராது என்பார்கள். உண்மைதான். ஆனால் கண்டிப்பு அசைவின் மேல் இருக்க வேண்டும், பிள்ளையின் மேல் அல்ல. புஷ்கின் சத்தம் போடாமலேதான் நூரியெவை உருவாக்கினார். அடித்தால்தான் வரும் என்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டாம்.

பிரான்சில் 1989லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நடனம் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்க அரசு பட்டயம் வேண்டும், உடற்கூறும் படிக்க வேண்டும். பீட்டர்ஸ்பர்க் பள்ளியிலும் ஆசிரியப் பயிற்சிக்குத் தனிப் படிப்பு உண்டு. ஆடி ஓய்ந்தவர்கள் செய்கிற மிச்ச வேலையாக இல்லாமல், தனித் தொழிலாக இதைப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

கடைசியாக ஒருவர். இரினா கோல்பகோவா 1933ல் பிறந்தவர். 1951ல் வகானோவாவின் கடைசி வகுப்பில் படிப்பை முடித்தவர். கிரோவ் மேடையில் பல ஆண்டுகள் நாயகி, இளம் பாரிஷ்னிக்கோவுடனும் ஆடியிருக்கிறார். பின்னர் நியூயார்க் அமெரிக்கன் பாலே தியேட்டருக்குப் பயிற்சியாளராகப் போய், எண்பது வயதைத் தாண்டியும் தினமும் ஒத்திகை அறையில் நின்றார். 1879ல் பிறந்தவரிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர், 1990களில் பிறந்த அமெரிக்கப் பெண்ணின் தோளைத் தொட்டு 'இன்னும் கொஞ்சம் இறக்கு' என்று திருத்தினார். இடையில் புத்தகம் இல்லை, வீடியோ இல்லை, ஒரே ஒரு ஆள். 'தூங்கும் அழகி' 1890ல் அரங்கேறிய ஆட்டம். இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இப்படிப்பட்ட சில பேர்.

உலக பாலே தினம் என்று 2014 முதல் பெரிய குழுக்கள் தங்கள் காலை வகுப்பையும் ஒத்திகையையும் இணையத்தில் நேரலையாக, இலவசமாகக் காட்டுகின்றன. பழைய பதிவுகளும் யூடியூபில் கிடைக்கும். பீட்டர்ஸ்பர்க் பள்ளியைப் பற்றி 1977ல் 'தியேட்டர் தெருவின் பிள்ளைகள்' என்று ஆவணப்படம் வந்தது, நடிகை கிரேஸ் கெல்லி பின்னணி பேசியிருப்பார், ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் வந்த படம். தேடிப் பாருங்கள். வீட்டில் பரதமோ பாலேயோ கற்கும் பிள்ளை இருந்தால் கூட உட்காரவைத்துப் பாருங்கள். ஆட்டம் நன்றாக இருந்தால், ஆடுகிறவருக்கு ஆசிரியர் யார் என்று ஒரு தடவை தேடி, அந்தப் பெயரைக் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். நான் கட்டாயம் படிப்பேன்.